வெந்நீரில் வெளுத்த வேட்டிகள்

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ‘மின் சிக்கனத்துக்குப் பத்துக் குறிப்புகள்’ எழுதித் தரும்படி மலர்க் குழுச் செயலாளர் கேட்டார். முப்பத்து நான்கு வருடம் மின் விநியோகக் கம்பெனியின் மீட்டர் சோதனைப் பிரிவில் இருந்தவனிடம் பத்துக் குறிப்புகளாவது தேறும் என்று நினைத்திருக்கிறார். தேறாது. என்னிடம் இருப்பவை இரண்டு. மற்ற எட்டையும் கல்கத்தாவின் பெஹாலாவில் நான் இருக்கும் குடியிருப்பின் லிஃப்ட் கதவில் ஏற்கெனவே ஒட்டிவிட்டார்கள்.

அந்த நோட்டீஸின் முதல் குறிப்பு, போன் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள் என்பது. போன் மாட்டாமல் சும்மா தொங்கும் சார்ஜரை நான் அளந்திருக்கிறேன். ஒரு வாட்டில் ஐந்தில் ஒரு பங்கு. நாள் முழுக்கத் தொங்கினாலும் ஐந்து வாட்-மணி ஆகாது. அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஓர் அம்மாள், நாளெல்லாம் ஏசியில் உட்கார்ந்து வியர்வையே காணாத கணவனின் சட்டைகளை அறுபது டிகிரி வெந்நீரில் மெஷினில் துவைக்கிறார். தண்ணீரைச் சூடாக்க மட்டும் ஒரு தடவைக்கு அறுநூறு வாட்-மணி. நூற்று இருபத்தைந்து நாள் சார்ஜரைக் கழற்றிக் கழற்றி மாட்டிச் சேர்த்ததை ஒரு காலையில் சாக்கடையில் விட்டுவிடுகிறார். நோட்டீஸில் கையெழுத்துப் போட்டிருப்பவரும் அவர்தான்.

இப்போது ஸ்மார்ட் மீட்டர் வந்துவிட்டது. கீழ் வீட்டு சுபம், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவன், போனில் வந்த மீட்டர் வரைபடத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினான். அவனுக்கு நான் காக்கு, சித்தப்பா முறை.

“காக்கு, இங்க பாருங்க. தினமும் காலையில ஏழு மணிக்கு ஒரு பெரிய கம்பம் எழும்புது.”

“எதனால?”

“அப்ளையன்ஸ்னு போட்டிருக்கு.”

“எந்த அப்ளையன்ஸ்?”

“அது சொல்லாது காக்கு. ஆனா அரை மணிக்கு ஒருதரம் டேட்டா வருது.”

எதனால் என்று சொல்லத் தெரியாததை அரை மணிக்கு ஒரு தடவை சொல்வதற்கு ஒரு கருவி. அவன் வீட்டில் ஏழு மணிக்கு ஓடுவது வாஷிங் மெஷின் என்பது, குழாயில் நுரை இறங்கும் சத்தத்திலிருந்து எனக்கு ஆறு மாதமாகத் தெரியும்.

கணக்கு எளிது. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற ஒன்று புள்ளி ஒன்று ஆறு வாட்-மணி வேண்டும். இதில் யாருடைய அபிப்பிராயத்துக்கும் இடமில்லை. விளம்பரத்தில் கிருமியைப் பச்சை நிறத்தில் வரைந்து காட்டினாலும் இது மாறாது. துணியைப் புரட்டி எடுக்கும் மோட்டார் தின்பது கொஞ்சம். வெந்நீரில் துவைத்தால், ஆகும் மின்சாரத்தில் பெரும்பங்கு தண்ணீர் காய்ச்சத்தான் போகிறது. இப்போது விற்கும் சோப்புத் தூள் முப்பது டிகிரியிலேயே வேலை செய்கிறது. பாக்கெட்டின் பின்னால் அச்சடித்தும் இருக்கிறது. பின்பக்கத்தை யார் படிக்கிறார்கள்? நோயாளியின் படுக்கை விரிப்பு, குழந்தையின் கந்தை, சமையலறை எண்ணெய்த் துணி, இவற்றுக்கு வெந்நீர் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். கைக்குட்டைக்கு எதற்கு? மெஷினில் ஹீட்டர் இல்லாத வீடுகளில் இன்னொரு கூத்து. இருபத்தைந்து லிட்டர் கீசரைப் போட்டு, இரண்டு வாளி பிடித்து மெஷினில் ஊற்றிவிட்டு, மிச்சத்தைக் கீசருக்குள்ளேயே ஆறவிடுகிறார்கள்.

ஆக, முதல் குறிப்பு: குமிழை முப்பதில் வையுங்கள், அல்லது சூடே வேண்டாமென்று வையுங்கள்.

இரண்டாவது குறிப்பு நானே ஒரு வருடம் அளந்து கண்டது. எங்கள் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரில் காலை ஆறு மணிக்கும் பகல் இரண்டு மணிக்கும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். ஜனவரியில் காலை பதினேழு, பகல் இருபத்து நான்கு. மே மாதப் பகலில் முப்பத்தொன்பது. கறுப்புத் தொட்டியை மாடியில் வைத்துக்கொண்டு, கை பொறுக்காத தண்ணீர் வருகிறது என்று மே மாதம் முழுக்கப் புலம்புகிறவர்கள், மறுநாள் விடிகாலையில் அதே தண்ணீர் ஆறியபிறகு காசு கொடுத்துச் சூடாக்குகிறார்கள். பகலில் துவையுங்கள். ஏழு டிகிரியோ பத்து டிகிரியோ சூரியன் ஏற்றித் தருகிறது.

குறிப்புகள் முடிந்தன. செயலாளர் கொடுத்த இடத்தில் பாதிகூட நிரம்பவில்லை. மிச்ச இடத்தில், தெர்மாமீட்டரைக் கையில் எடுக்கும்படி என்னைச் செய்த ஒரு புகாரைப் பற்றி எழுதுகிறேன்.

நான் ஹவுராவில் வளர்ந்தவன். அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப் ஆபீசில் குமாஸ்தா. வீட்டில் தமிழ், வாசலில் வங்காளி, பள்ளியில் இங்கிலீஷ். வங்காளி எழுதப் படிக்கத் தெரிந்த தமிழன் என்பதில் எனக்குச் சிறு வயதிலிருந்தே கர்வம். எலெக்ட்ரிகல் டிப்ளமோ முடித்துக் கம்பெனியில் சேர்ந்தேன். இரண்டு வருடப் பயிற்சியில் கம்பம் ஏறவும், ஃபியூஸ் போடவும், திட்டு வாங்கவும் கற்றுக்கொடுத்தார்கள். உருப்படியாகக் கற்றது ஒன்று: மீட்டர்த் தட்டை இமைக்காமல் பார்ப்பது.

பழைய மீட்டரில் கண்ணாடிக்குப் பின்னால் ஓர் அலுமினியத் தட்டு சுற்றும். விளிம்பில் ஒரு கறுப்புப் புள்ளி. அந்தப் புள்ளி ஒரு தடவை முன்னால் வந்தால் ஒரு சுற்று. வழக்கமான வீட்டு மீட்டரில் அறுநூறு சுற்றுக்கு ஒரு யூனிட். பில் ஏறிவிட்டது என்று புகார் வந்தால், வீட்டிலுள்ள எல்லாவற்றையும் அணைக்க வேண்டும். தட்டு நிற்க வேண்டும். நின்றபின் ஒவ்வொரு சாமானாகப் போட்டு, ஸ்டாப் வாட்ச் பிடித்து, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ண வேண்டும். எண்ணிக்கையைத் தாளில் நான்கைந்து வரியாக எழுதி, கார்பன் நகலை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, மூலத்தை மேலதிகாரியிடம் வைக்க வேண்டும்.

எங்கள் மேலதிகாரி பாக்சி ஸார். குள்ளமான மனிதர். தானே ஒரு மடக்கு ஸ்டூலைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடுகளுக்கு வருவார். வேலை முடியும்வரை அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். வீட்டுக்காரரிடம் எதுவும் கேட்க மாட்டார். “இந்த வீட்ல வேலை செய்யறது யாரு?” என்று கேட்டு, அவரிடம்தான் போவார். யாரிடமும் அவர் கத்தி நான் கேட்டதில்லை. அறிக்கையைப் படிக்கும்போது கையில் ஒரு பென்சில் இருக்கும். எழுதியவன் தன் கண்ணால் பார்க்காமல் எழுதிய வரிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைப்பார். அவ்வளவுதான். புள்ளி விழுந்த தாள் திரும்பி வந்தால் மறுபடி அந்த வீட்டுக்குப் போக வேண்டும். பன்னிரண்டு வருடம் அவரிடம் வேலை பார்த்தேன். இந்தப் புகார் வரும்வரை நான் வாங்கிய புள்ளிகள் ஏழு. மற்றவர்கள் வாங்கியதையும் எண்ணி வைத்திருந்தேன். அதை இங்கே எழுதுவது நாகரிகமில்லை.

காளி பூஜை முடிந்து பத்து நாள் இருக்கும். லேக் கார்டன்ஸிலிருந்து ஒரு புகார் வந்தது. பேங்கில் பெரிய ஆபீசராக இருந்து ஓய்வு பெற்ற வைத்தியநாதன் என்பவர். தரைத்தளம் முழுக்க அவர் வீடு. அவரும் மனைவியும் மட்டும். அவர்கள் வீட்டு வேலை பார்க்கும் மாலதி என்ற பெண்மணி, மொட்டைமாடியில் இருந்த ஒற்றை அறையில் பதினோரு வருடமாகக் குடியிருந்தாள். அந்த அறைக்கும் இவர்கள் மீட்டரிலிருந்துதான் கரண்ட். மாதம் நூற்றுத் தொண்ணூறு யூனிட் வந்துகொண்டிருந்த வீட்டில் இருநூற்று ஐம்பத்தாறு வந்துவிட்டது. அறுபத்தாறு யூனிட் எங்கே போகிறது என்பது கேள்வி.

தமிழ் வீடு என்பதால் என்னை அனுப்பினார்கள். தமிழன் போனால் சுலபமாக இருக்கும் என்று கம்பெனி நினைத்தது. சுலபமாகத்தான் இருந்தது. அதுதான் கோளாறு.

மாடிப்படிக்குக் கீழே மீட்டர். அதை அடுத்த குளியலறையில், பூனாவில் இருக்கும் மகன் பூஜைக்கு முன்புதான் வாங்கி அனுப்பிய வாஷிங் மெஷின். முன்பக்கம் கண்ணாடிக் கதவு. எல்லாவற்றையும் அணைத்தேன். தட்டு நின்றது. ஃப்ரிட்ஜ், கீசர், விசிறிகள், டிவி, ஒவ்வொன்றாக எண்ணினேன். எதிலும் குறையில்லை. மெஷின் பாக்கி.

“மாமி, துணிக்கு வெந்நீர் போடறேளா?” என்று கேட்டேன்.

“வெந்நீரா? எதுக்கு? வேட்டியெல்லாம் வீணாப் போயிடும். நான் சூட்டுப் பக்கமே போறதில்லை.”

“எவ்வளவு நேரம் ஓடும்?”

“அறுபதுல வைப்பேன். டாண்ணு ஒரு மணி நேரம். உடனே நிறுத்தித் தண்ணியை வடிச்சுட்டு மாலதியை எடுத்துண்டு போகச் சொல்லிடுவேன். காலம்பற ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு.”

“மெஷின் அலசாதா?”

“அது அலசற லட்சணம் எனக்குத் தெரியாதா? சோப்பு நின்னுடும். இவருக்கு அரிப்பு வந்துடும். மாலதி மாடிக் குழாயடில நன்னா அலசி உணர்த்திடுவா. நான் குனிய முடியாது, இடுப்பு வலி. உள்ளேருந்து எடுக்கறதும் அவதான்.”

மெஷினைப் போடச் சொன்னேன். தண்ணீர் நிரம்பியது, மெதுவாகப் புரண்டது. ஐந்து நிமிடம் எண்ணினேன். ஐந்து சுற்று. நூறு வாட். ஒரு குண்டு பல்பு.

“உப்புமா ஆறிண்டிருக்கு. சாப்ட்டுட்டு எண்ணப்படாதா?” என்றாள் மாமி.

உள்ளே போனேன். எனக்கு வியர்க்குமே என்று வைத்தியநாதன் விசிறியைப் போட்டார். எல்லாவற்றையும் எண்ணுகிற நான் அந்த உப்புமா நேரத்தை மட்டும் எண்ணவில்லை.

கை அலம்பியதும் வைத்தியநாதன் குரலைத் தாழ்த்தினார். “மாடி ரூமையும் ஒரு தடவை பாத்துடுங்கோ. எனக்கு ஒரு சந்தேகம்.”

மாடியில் மாலதி, முன்னால் ஓடி முடித்த துணிகளை அலசிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். நாலு முழ வேட்டிகளும் துண்டுகளும். முறைப்படி அவளிடமும் கேட்டேன், என் சுத்தமான வங்காளியில்: வீட்டில் புதிதாக ஏதாவது நடக்கிறதா? அவள் ஒரு வேட்டியை உதறிக்கொண்டே சொன்னாள்: “ரோஜி தோ கொரோம் காபோர் பேரோச்சே, பாபு.”

தினமும் கொரோம் காபோர் வெளியே வருகிறது. கொரோம் என்றால் சூடு, காபோர் என்றால் துணி. ஆனால் கல்கத்தாவில் இருக்கிற எவருக்கும் தெரியும், கொரோம் காபோர் என்றால் கம்பளித் துணி. ஸ்வெட்டர், சால்வை, மஃப்ளர். காளி பூஜை முடிந்ததும் ஒவ்வொரு வீட்டிலும் அவற்றைப் பெட்டியிலிருந்து வெளியே எடுப்பார்கள். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. குளிர்காலம் வருகிறது, கம்பளிகளை எடுத்துத் துவைக்கிறார்கள். சட்டைப் பையிலிருந்த குறிப்பேட்டில் அவள் சொன்னதை வங்காள எழுத்திலேயே எழுதிக்கொண்டேன். அவள் எட்டிப் பார்த்துத் தலையசைத்தாள்.

அதற்குள் வைத்தியநாதன் அவள் கட்டிலுக்கடியிலிருந்து ஒரு பழைய சுருள் ஹீட்டரை இழுத்துக்கொண்டு வந்தார். ஆயிரத்து ஐந்நூறு வாட் என்று அதன் தகட்டில் எழுதியிருந்தது. நின்ற இடத்திலேயே கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு ஒன்றரை மணி எரித்தால் மாதம் அறுபத்தேழரை யூனிட். தேடியது அறுபத்தாறு. இவ்வளவு அழகாக ஒரு கணக்கு என் வாழ்நாளில் வந்ததில்லை. மாலதியிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கணக்கு வந்தபின் கேட்பானேன்?

அறிக்கையில் எழுதினேன்: மெஷின் நூறு வாட், வெந்நீர் உபயோகமில்லை. குளிர்காலக் கம்பளிகளால் சற்றே கூடுதல் துவைப்பு. மாடி அறையில் ஆயிரத்து ஐந்நூறு வாட் ஹீட்டர், கூடுதல் செலவுக்கு அதுவே காரணம். கார்பன் நகலை வைத்தியநாதனிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். “நான் நினைச்சது சரியாப் போச்சு,” என்றார். ஒரு வாடிக்கையாளர் இவ்வளவு திருப்தியாகக் கைகொடுத்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை பாக்சி ஸார் மேஜையில் தாள் இருந்தது. அவர் பேசுவது வங்காளிதான், தமிழில் எழுதுகிறேன்.

“கோபால், கொடியில கம்பளி காயறதைப் பாத்தியா?”

“இல்லை ஸார். வேட்டிதான் இருந்தது.”

ஒரு புள்ளி.

“மெஷின் எவ்வளவு நேரம் ஓடும்?”

“ஒரு மணி நேரம்.”

“நீ எண்ணினது?”

“அஞ்சு நிமிஷம்.”

இரண்டாவது புள்ளி.

“ஹீட்டரைப் போட்டுப் பாத்தியா?”

“இல்லை ஸார். ஆனா கணக்கு சரியா வந்தது.”

“கணக்கு வந்தது. ஹீட்டர் எரிஞ்சுதா?”

மூன்றாவது புள்ளி. என் கணக்கில் பத்து ஆகிவிட்டது. பாக்சி ஸார் ஸ்டூலைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். நான் ஸ்டாப் வாட்ச்சை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

லேக் கார்டன்ஸ் வீட்டு வாசலில் ஒரு தகரப் பெட்டியும், பழைய புடவையில் கட்டிய ஒரு மூட்டையும் இருந்தன. அறையைக் காலி செய்யும்படி முதல் நாள் மாலையே வைத்தியநாதன் மாலதியிடம் சொல்லிவிட்டிருந்தார். அவளும் தெரிந்தவர்கள் மூலம் பெஹாலாவில் ஒரு வீட்டில் பேசி முடித்துவிட்டாள். காலைத் துணியை மட்டும் அலசிப் போட்டுவிட்டுப் போகும்படி மாமி கேட்டதால் காத்திருந்தாள்.

“இவர்தான் நேத்திக்கே பாத்தாச்சே,” என்றார் வைத்தியநாதன், இங்கிலீஷில்.

“இவர் பாத்ததைத்தான் பாக்க வந்திருக்கேன்,” என்றார் பாக்சி ஸார்.

எல்லாம் அணைந்தது, விசிறியும் சேர்ந்து. பாக்சி ஸார் மீட்டர் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். மாமி வழக்கம்போல் குமிழைத் திருப்பினாள். நான் வாட்ச்சைப் பிடித்தேன். முதல் ஐந்து நிமிடம், ஐந்து சுற்று. நான் நேற்று எண்ணியது சரி என்று எனக்குள் ஒரு நிம்மதி வந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். அது ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. ஆறாவது நிமிடத்தில் தட்டு விழித்துக்கொண்டது. நிமிடத்துக்கு இருபத்தொரு சுற்று. மோட்டாருக்கு ஒன்று, மெஷினுக்குள் இருக்கும் இரண்டாயிரம் வாட் ஹீட்டருக்கு இருபது. தண்ணீர் நிரம்பித் துணி நனைந்தபின்தான் அந்த மெஷின் ஹீட்டரைப் போடும். நேற்று இதே நேரத்தில் நான் உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

இருபத்தெட்டரை நிமிடம் தட்டு அப்படியே ஓடியது. பாக்சி ஸார் என் மணிக்கட்டைப் பிடித்து உள்ளங்கையைக் கண்ணாடிக் கதவில் வைத்தார். கையை இழுத்துக்கொண்டேன்.

மெஷினின் குமிழைச் சுற்றிலும் காட்டன் 60, காட்டன் 40, உல்லன் 30 என்றெல்லாம் அச்சிட்டிருந்தது. எண்ணுக்கு மேல் டிகிரியைக் குறிக்கும் வட்டம் கடுகளவு. நேற்று நான் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

“மாமி, இந்த அறுபது நிமிஷம் இல்லை. டிகிரி.”

“டிகிரின்னா?”

“சூடு. கிட்டத்தட்டக் கொதிக்கப் பாதி வழி.”

“சூடுன்னு எங்க போட்டிருக்கு? காட்டன்னுதானே போட்டிருக்கு. எங்காத்துல எல்லாமே காட்டன்தான். டாண்ணு ஒரு மணில முடியறதே, அப்ப நிமிஷம்னுதானே நினைப்பா?”

“ஒரு மணியில முடியலை மாமி. நீங்க நிறுத்தறேள்.”

மாமி யோசித்தாள். “அறுபதுன்னா நன்னா வெளுக்கும்னு நினைச்சேன். நாப்பது நிமிஷத்துல என்ன வெளுக்கும்?”

வைத்தியநாதன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் ஆயிரம் பேர் கணக்கைச் சரிபார்த்தவர், வீட்டிலிருக்கும் ஒரே குமிழைப் பார்த்ததில்லை.

ஒரு மணி ஆனதும் மாமி நிறுத்தினாள். தண்ணீர் வடிந்து, துணி ஒரு சுழற்று சுழன்று நின்றது. ஆக மொத்தம் அறுநூற்று அறுபது சுற்று. ஒன்று புள்ளி ஒன்று யூனிட். நாளைக்கு இரண்டு தடவை, முப்பது நாள், அறுபத்தாறு யூனிட். இந்தக் கணக்கும் அழகாகத்தான் வந்தது.

மாலதி கதவைத் திறந்து, புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு, ஆவி பறக்கும் வேட்டிகளை வாளிக்கு இழுத்தாள். தலைப்பைச் சுற்றிக்கொண்ட விதத்திலேயே தெரிந்தது, அது அவளுக்குத் தினசரிப் பழக்கம். வாளியை என் பக்கம் சாய்த்தாள்.

“கொரோம் காபோர்,” என்றாள்.

மாமிக்கு அந்த வார்த்தை தெரிந்திருந்தது. “கொரோம் கொரோம்னு இவளும் சொல்லிண்டேதான் இருந்தா. இவாளுக்கு எப்பவும் கொரோம்தானே, வெயிலைச் சொல்றான்னு விட்டுட்டேன்.”

பாக்சி ஸார் ஹீட்டரைக் கொண்டுவரச் சொன்னார். ப்ளக்கில் மாட்டினார். தட்டு அசையவில்லை. கவிழ்த்துப் பார்த்தால் சுருள் இரண்டு இடத்தில் அறுந்திருந்தது. முன்பு அந்த அறையில் இருந்த கல்லூரிப் பையன் விட்டுவிட்டுப் போனதாம்; அவள் குடிவந்த நாளிலிருந்து கட்டிலின் ஆடும் காலுக்கு அதுதான் முட்டு.

வைத்தியநாதன் மாலதியிடம் பேசவில்லை, என்னிடம் பேசினார். “நீங்க பெங்காலி நன்னாப் பேசறேள். அவளை இருக்கச் சொல்லிடுங்கோ. நடந்தது நடந்துபோச்சு.”

சொன்னேன். அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

“பெஹாலாவுல வாக்குக் குடுத்துட்டேன் பாபு. இன்னிக்கு வருவேன்னு காத்திருப்பாங்க.” பிறகு, “என்னைப் பத்தி என்ன எழுதினீங்கன்னு பாக்கணும்,” என்றாள்.

அறிக்கை இங்கிலீஷில் இருக்கிறது என்றேன்.

“அது இல்ல. மாடியில என்கிட்டக் கேட்டு எழுதினீங்களே, சின்ன நோட்டு. அது வங்காளி எழுத்து. நான் நாலாங்கிளாஸ் வரைக்கும் படிச்சிருக்கேன்.”

பாக்சி ஸார் என்னைப் பார்த்தார். குறிப்பேட்டை எடுத்து, பக்கத்தைப் புரட்டிக் கொடுத்தேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். அவள் தேடிய தப்பு அதில் இல்லை. மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

“நான் சொன்னதைத்தானே எழுதியிருக்கீங்க,” என்றாள். “அப்புறம் ஏன் என்னைப் போகச் சொன்னாங்க?”

குறிப்பேட்டைத் திரும்ப வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பாக்சி ஸார் ஸ்டூலை மடக்கினார். மாலதி அந்த வாளித் துணியையும் மாடிக்குக் கொண்டுபோய் அலசி, கொடியில் போட்டுவிட்டு வந்துதான் பெட்டியைத் தூக்கினாள். மூட்டையைப் பாக்சி ஸார் பஸ் நிறுத்தம்வரை எடுத்துக்கொண்டு போனார்.

புதிய அறிக்கையை நான் எழுதினேன். ஹீட்டர் எரியாது என்றும், முதல் தடவை அதைச் சோதிக்கவில்லை என்றும், சோதிக்காதவன் பெயரையும் அதில் எழுதும்படி பாக்சி ஸார் சொன்னார். எழுதினேன். அதில் புள்ளி விழவில்லை.

மறுமாதம் அந்த வீட்டுக் கணக்கை எடுத்துப் பார்த்தேன். குமிழ் முப்பதுக்கு வந்துவிட்டிருந்தது. நூற்றுத் தொண்ணூற்றிரண்டு யூனிட். அலச ஆள் இல்லாததால் மெஷினே அலசியது. வைத்தியநாதனுக்கு அரிப்பு வரவில்லை.

பாக்சி ஸார் இறந்துபோய் ஒன்பது வருடமாகிறது. அந்தக் குறிப்பேடு என்னிடம் இருக்கிறது. செயலாளருக்குச் சந்தேகமிருந்தால் வந்து பார்க்கலாம். ‘கொரோம் காபோர் பேரோச்சே’. வங்காளி எழுதும்போது கை சறுக்கிவிடும் எழுத்துகள் அதில் இரண்டு உண்டு. இரண்டையும் நான் சரியாக எழுதியிருக்கிறேன்.